நீங்க எந்த இயக்கம்?

நான் குடியிருக்கும் ஸ்கூடாய் நகரத்தின் சாயங்கால நெரிசலில் மாட்டிக்கொண்டால், வீடு போய்ச் சேர நினைப்பதைவிட எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவதே மேல். போன மாதம் அப்படித்தான் நானும் என் அக்கா மகனும் ஒரு சீனர் கடையில் 'வந்தான் மீ' என்கிற நூடுல்ஸ் சூப் சாப்பிட உட்கார்ந்தோம். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு கையில் கைப்பேசி இல்லாமல் மறு கையால் சாப்பிடத் தெரியாது.

"சித்தி, இதப் பாருங்க. செம்மயா இருக்கு லா."

பார்த்தேன். இரண்டு இளைஞர்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு, இலங்கைப் போரின் தளபதிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கு முதலிடம், யாருக்கு இரண்டாமிடம் என்று. பின்னால் இசை வேறு. பந்து விளையாடுகிறவர்களுக்கு மார்க் போடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் 'துரோகிகள்' என்று தனியாகச் சிலர், முகத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு.

"செத்த பிள்ளைங்கல்லாம் இதுல எத்தனாவது எடம்டா?" என்றேன்.

"அலமாக், சித்தி. இது கமாண்டருங்களுக்கு மட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை என்று பார்த்தேன், இல்லாவிட்டால் அந்தக் கைப்பேசியை சூப் கிண்ணத்தில் முக்கியிருப்பேன். வாயை அடைக்க வேண்டுமே என்று, காடியில் ஊறிய பச்சை மிளகாயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் காடி வாசம் மூக்கில் ஏறியதும் நான் ஸ்கூடாயில் இல்லை. என் சொந்த ஊரான சாஆவில், நான் வேலை பார்த்த போட்டோக் கடையின் இருட்டறையில் நின்றேன்.

படம் கழுவுகிற மருந்துகளில் ஒன்றுக்கு அச்சு அசல் இதே வாசம்தான். பள்ளியில் படிவம் ஐந்து முடித்துவிட்டு, ரப்பர் தோட்டத்துக் கிளினிக்கில் வேலை கிடைக்கும் என்று ஒரு வருடம் காத்திருந்து, கிடைக்காமல் போய், கடைசியில் அந்தக் கடையில் சேர்ந்தேன். முதலாளி ஒரு சீனர். எல்லோரும் 'தவுக்கே' என்போம். உடம்பெல்லாம் காடி வாசத்தோடு வீட்டுக்குப் போவேன். "ஊறுகா வந்திருச்சு" என்பாள் அக்கா.

எங்கள் கடைக்குக் கல்யாணத்தைவிடச் சாவுதான் அதிகம் சோறு போட்டது. தோட்டத்தில் ஒருவர் தவறிவிட்டால், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் பெரிய படம் வேண்டும். இருப்பதோ அடையாள அட்டையில் உள்ள முகம், இல்லையென்றால் ஏதோ கும்பல் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். அதைப் பெரிதாக்கி, வெறும் உடம்போடு இருந்தால் சட்டை வரைந்து, வசதிப்பட்டால் கோட்டும் டையும் போட்டுவிடுவார் தவுக்கே. வாழ்நாளில் ரப்பர் மரத்தைத் தவிர எதையும் பார்க்காத எத்தனையோ தாத்தாக்கள் எங்கள் கடையில் வக்கீலாகி வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அந்தக் கடைக்குத்தான் யோகண்ணன் வந்தார். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர். சாஆவில் ஒரு மளிகைக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டு, கடைக்கு மேல் அறையில் தங்கியிருந்தார். ஊருக்கு அவர் 'சிலோன்காரர்'. இந்தச் சொல்லுக்கே எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. தொழிலாளிகளை அதட்டி வேலை வாங்கிய தோட்டத்துக் கிராணிமார்களில் பலர் அந்தக் காலத்திலேயே சிலோனிலிருந்து வந்தவர்கள். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்கும். அப்படிப்பட்ட ஊரில், சிலோனில் கலவரமும் சண்டையும் என்று பத்திரிகையில் வந்ததும் ஜனங்கள் அழுதார்கள். அரிசி சேர்த்தார்கள், துணி சேர்த்தார்கள். அப்பாவே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிப் போனார். அந்த அழுகையில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொய் அதற்கப்புறம் வந்தது.

எங்கள் ஊரில் இயக்கம் என்றால் இளைஞர் இயக்கம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல், வருடத்துக்கொரு பூப்பந்துப் போட்டி, பிள்ளைகளுக்கு டியூஷன். அதன் உபதலைவர் பரமசிவம் அண்ணன். காப்புறுதி ஏஜெண்டு. பேச ஆரம்பித்தால் மைக்கே களைத்துப்போகும். யோகண்ணன் வந்த புதிதில், ஊருக்குப் புது ஆள், நம் இயக்கத்தில் சேர்த்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு மளிகைக்கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

"வாங்கண்ணே, எப்படி இருக்கீங்க? ஆமா, நீங்க எந்த இயக்கம்?"

மனிதர் கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டாராம். "நான் ஒரு இயக்கத்திலயும் இல்லை, ஐயா. சத்தியமா இல்லை. ஏன் கேக்கிறியள்?" என்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாராம். பிறகு பல நாள் அறையை விட்டு இறங்கவில்லை. பூப்பந்து ஆடக் கூப்பிட்டதற்கா இப்படி என்று ஊரே சிரித்தது. அவர் ஊரில் அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னவன் வீடு திரும்பியதில்லை என்பது எங்களில் யாருக்குத் தெரியும்?

தெரிந்த பிறகாவது வாயை மூடியிருக்கலாம். அதுதான் இல்லை. அங்கே ஆளுக்கொரு பெயரில், ஆங்கில எழுத்துகளைக் கோத்துக்கொண்டு, பல இயக்கங்கள் இருந்தன. எங்கள் இளைஞர் இயக்க மண்டபத்தில் அதற்கும் கட்சி கட்டினார்கள். தலைவர் ஒன்றுக்கு, செயலாளர் இன்னொன்றுக்கு. கடைசியில் அங்கே எது மற்றவற்றை அடித்து மேலே வந்ததோ, எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். பூப்பந்து அணித் தலைவர் 'தளபதி' ஆனார். சிகாமட் இரவுச் சந்தையில் பச்சைப் புள்ளிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றுகிறவருக்கும் ஏதோ பட்டம் கொடுத்தார்கள், மறந்துவிட்டது. கொசு கடித்தால் மருந்து தேடுகிறவர்கள்!

அந்த வருடம் மண்டபத்தில் மாண்டவர்களுக்கு விளக்கேற்றுவதாக ஏற்பாடு. பத்திரிகைகளில் வெட்டிய முகங்களைப் பெரிதாக்கித் தரச்சொல்லி எங்கள் கடைக்குத்தான் ஆர்டர் வந்தது. நான்தான் கழுவினேன். எல்லாம் சின்னச் சின்ன முகங்கள். மருந்துத் தட்டில் ஒவ்வொன்றாகக் கண் திறந்து மேலே வரும்போது எனக்கு அழுகை வந்தது. தவுக்கே அதட்டினார், கண்ணீர் விழுந்தால் தாள் வீணாகுமாம்.

அதே வாரம் யோகண்ணன் வந்தார். சட்டைப்பைக்குள்ளிருந்து, பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார். பள்ளிக்கூடச் சுவருக்கு முன்னால் ஐந்து பையன்கள், ஆளுக்கொரு துப்பாக்கி.

"இதில நடுவில நிக்கிறவன் என்ர தம்பி. இவனை மட்டும் பெரிசாக்கித் தா, பிள்ளை. துவக்கை எடுத்துவிடு. அது அவன்ர இல்லை, படம் பிடிக்கக் குடுத்தது."

சுகந்தன் என்று பெயராம். பள்ளிக்கூடம் போகிறேன் என்று போனவன். அன்று எந்த இயக்கத்தின் வாகனம் முதலில் வந்ததோ அதில் ஏறியிருக்கிறான். அவ்வளவுதான் அவன் அரசியல். கொஞ்ச நேரம் கழித்து வேறு வாகனம் வந்திருந்தால் வேறு இயக்கம். ஒருநாள் காலையில் பெரிய இயக்கம் வந்து அவன் இருந்த இயக்கத்துக்குத் தடை என்று அறிவித்தது. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு நின்ற பையன்களையும் சுட்டார்கள், அவர்களில் சுகந்தனும் ஒருவன். சுட்டது ராணுவம் இல்லை. ராணுவம் போட்ட குண்டில் அம்மா போனது அதற்கப்புறம்.

"வீட்டில படம் மாட்டவும் பயம், பிள்ளை. அவனுக்கு ஒரு விளக்கும் வைக்கேல்லை. உங்கட மண்டபத்தில, மேசையின்ர ஓரத்தில வைச்சாப் போதும்."

தவுக்கேயிடம் கெஞ்சி, நல்ல தாளில் போட்டோம். காதருகே இருந்த துப்பாக்கிக் குழலைத் தூரிகையால் நானே அழித்தேன். கழுத்துப்பட்டி கிழிந்திருந்ததால் தவுக்கே தன் வழக்கப்படி கோட்டும் டையும் போட்டுவிட்டார். பையன் மாப்பிள்ளை மாதிரி வந்துவிட்டான். யோகண்ணன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இவனுக்குக் கோட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

விளக்கேற்றும் அன்று மாலை, மேசைக் கடைசியில் படத்தை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பரமசிவம் அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் பூப்போட்டுக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார்.

"இது யாருங்க? எந்தப் போர்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? மனிதருக்குப் பொய் வரவில்லை. தம்பி இருந்த இயக்கத்தின் பெயரைச் சொன்னார். யார் சுட்டது என்று கேட்டதற்கு, "நீங்கள் விளக்கு வைக்கிற ஆக்கள்தான்," என்றார்.

"துரோகி படத்தையா கொண்டாந்து வெச்சீங்க?" என்று பரமசிவம் அண்ணன் படத்தை எடுத்துக் கேரம் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தார். பையனின் முகம் கீழே.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். "அண்ணே, இந்த மேசைல இருக்கற அத்தன மொகத்தையும் நான்தான் கழுவுனேன். எல்லாம் ஒரே தட்டுதான், ஒரே மருந்துதான். இதுல யாரு துரோகின்னு எனக்குத் தெரியல, நீங்க எங்கேந்து கண்டுபிடிச்சீங்க? ஒருத்தரு பேராவது சொல்லுங்க பாப்போம், தளபதி பேரு வேணாம், இந்தப் பிள்ளைங்க பேரு!" நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜித்ததாக நினைக்காதீர்கள். குரல் கீச்சென்று போய், பக்கத்திலிருந்த மைக் ஊளையிட்டு, பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

பரமசிவம் அண்ணனுக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. "உக்காரும்மா, பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது," என்றார். யோகண்ணன் படத்தை நிமிர்த்தி, வேட்டி நுனியால் துடைத்து, அணைத்துக்கொண்டு வெளியே போனார். மற்ற படங்களுக்கு விளக்கேற்றினார்கள். ஊரெல்லாம் செம்பனைத் தோட்டம், எங்கேயும் ஒரு வேட்டுச் சத்தம் இல்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு செத்தவனில் தரம் பிரித்தார்கள், பாவிகள்.

மறுநாள் யோகண்ணன் படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து, என்னிடம் நீயே வைத்துக்கொள் என்றார். அறையில் வைத்தால் யாராவது வந்து உடைப்பார்கள் என்று பயம். தவுக்கே படத்தை வாங்கிப் பார்த்தார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள், கல்யாண ஜோடிகளுக்கும் பட்டதாரிகளுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. கோட்டு தன் கையால் வரைந்தது, நன்றாக வந்திருக்கிறது, வியாபாரத்துக்கு ஆகும் என்று அங்கே மாட்டிவிட்டார். பரமசிவம் அண்ணன் வந்து எடுக்கச் சொல்லிக் குதித்தபோது, கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே மலாயில் சொன்னார்:

"கம்பார் சாஜா லா. ஓராங் சூடா மாத்தி, மாவ் காடோ அப்பா லாகி?"

வெறும் படம்தானே, ஆள் செத்தாயிற்று, இன்னும் என்ன சண்டை என்று.

பண்டார் தெங்காராவிலிருந்து மகள் கல்யாணப் படம் எடுக்க வந்த ஓர் அம்மா, ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். "இந்தப் பையன் யாரும்மா? எந்தத் தோட்டம்? எங்க ரெண்டாவது மகளுக்குப் பாத்துக்கிட்டிருக்கோம்."

"தவறிட்டாருங்கம்மா. சிலோன்ல, சண்டையில."

"ஐயோ, பெத்தவ வயிறு," என்று அந்த அம்மா கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்டார், எந்த இயக்கம் என்று கேட்கவில்லை.

யோகண்ணன் கொஞ்ச நாளில் எப்படியோ ஒரு குளிர் தேசத்துக்குப் போய்விட்டார். தம்பி இறந்த நாளன்று வருடா வருடம் போன் வரும். முதலில் கடைக்கு, நான் கல்யாணமாகி ஸ்கூடாய்க்கு வந்த பிறகு வீட்டுக்கு. ஒரே கேள்விதான். "தம்பி நிக்கிறானோ, பிள்ளை?" நான் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். "நிக்கிறாருண்ணே. கொஞ்சம் வெளுத்துட்டாரு."

பிறகு அங்கே போர் முடிந்தது. பெரிய இயக்கமும் தளபதிகளும் போனார்கள். கணக்கில்லாமல் ஜனங்களும் போனார்கள். அப்புறம் இங்கே அந்த இயக்கத்தை ஆதரித்தவர்களைப் போலீஸ் விசாரிக்கிறது என்று பேச்சு அடிபட்டதும், மண்டபத்துப் படங்களையெல்லாம் ராவோடு ராவாகக் கழற்றி எரித்துவிட்டார்களாம். பரமசிவம் அண்ணனே முன்னின்றாராம். பூப்போட்ட அதே கை. தவுக்கேயைப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து நான் சாஆவுக்கு ஓடியபோது, கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. கண்ணாடிப் பெட்டியைப் படங்களோடு பழைய சாமான்காரன் ஏற்றிப்போய்விட்டானாம். எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருடமும் போன் வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன்.

"உங்கட இளைஞர் இயக்கம்?"

"அதுவும் இல்லண்ணே. மண்டபத்துல இப்ப, சூப்புக்கு விக்கிற குருவிக்கூடு வளக்குறாங்க."

மனிதர் சிரித்தார். "பாத்தியே, பிள்ளை. என்ர தம்பியை வேண்டாம் எண்ட இயக்கம் ஒண்டும் இப்ப இல்லை. அவன்தான் கனகாலம் நிண்டவன். பரவாயில்லை."

அவருக்குப் பரவாயில்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒரு மேசையின் ஓரத்தில், ஒரு சாண் இடம். அவ்வளவுதானே கேட்டார்? கொடுக்க மறுத்த இயக்கம் இப்போது இல்லை. பரமசிவம் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யோகண்ணனிடமிருந்தும் போன் வரவில்லை. இனி நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.