நல்லதம்பி அண்ணையின் தங்கமீன்

மல்லாவியில் சைக்கிள் திருத்துகிற நல்லதம்பி அண்ணை வாய் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்று பகிடி பண்ணுவோம். மனைவி செத்த பிறகு, ஒரே மகள் சுகந்தினியைப் படிக்கவென்று வவுனியாவில் தன் தங்கையிடம் அனுப்பினார். சண்டை நடந்த தொண்ணூற்றெட்டில் வவுனியாவுக்குப் போய்வருவது இலேசான காரியமா? எல்லையைக் கடக்கப் பாஸ் கிடைத்தவர்களின் கையில் கடிதம் போகும், வரும். அவ்வளவுதான்.

மகள் விட்டுப்போன தங்கமீன் ஒன்று கண்ணாடித் தொட்டியில் கிடந்தது. கரண்ட் ஏது? காலையும் மாலையும் சைக்கிள் பம்பால் தண்ணீருக்குள் காற்றடிப்பார். கடிதத்துக்குக் கடிதம் அவள் "மீன் எப்பிடி அப்பா?" என்று கேட்பாள். இவரும் மீனைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். தன்னைப் பற்றி ஒரு வரி இராது.

மாசியில் மீன் வீங்கியது. செதில்கள் சிலிர்த்து நின்றன. பக்கவாட்டில் மிதந்தபடி வாயை மட்டும் அசைத்தது. பத்து நாளாக அதை அப்படியே வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணை, அது படுற பாடு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியுது கமலாசனி. இதுவும் போனால் பிள்ளைக்கு நான் என்னத்தை எழுதுறது?"

 நான் வேலை செய்த மருந்துக்கடையில், பல்வலிக்கு வைத்திருந்த கராம்பு எண்ணெயில் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனேன். மீனை நோவில்லாமல் முடிக்க, மீன் வளர்த்த டொக்டர் ஒருவர் முன்பு சொன்ன வழி அது. அண்ணை என்னைச் செய்ய விடவில்லை. மீனைச் சட்டிக்கு மாற்றி, எண்ணெயைப் போத்தல் தண்ணீரில் குலுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மீன் மயங்கியது. இன்னும் விட்டார். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தார். பிறகு அழுதார். மனைவியின் செத்தவீட்டில்கூட அவர் அழுது நான் காணவில்லை.

மகளுக்கு நாலே வரி எழுதினார். "மீன் செத்துப்போச்சு. நோவில்லாமல் நித்திரையில போனது. இனி எழுத ஒண்டுமில்லை. கவனமாய்ப் படி."

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. யார் வவுனியாவிலிருந்து வந்தாலும் விசாரிப்பதை அவர் நிறுத்திவிட்டார். பிறகு ஒரு நாள் காலையில் பதில் வந்தது. பிரிக்கப் பயந்து என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்.

"அப்பா, மீனை நான் எப்பவோ மறந்திட்டன். அதைக் கேட்டால்தான் நீங்கள் ஒரு பக்கம் எழுதுவியள் எண்டு கேட்டனான். இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? அதை எழுதுங்கோ."

அன்றைக்குக் காலையில் அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழும்பிப் போய் அடுப்பை மூட்டினார்.