கேன்சலுக்குக் கேன்சல்

என் பெரியப்பா போர்வெல் லாரியில் வேலை பார்த்தார். வடக்கே எங்கோ போர் போடப் போனவர் திரும்பும்போது ஒரு கட்டுச் சீட்டு வாங்கிவந்தார். ராஜா ராணி இல்லாத சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பூதமோ பறவையோ இருக்கும்; அதற்கு என்ன சக்தி என்று கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கும். இரண்டாயிரம் பிறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் ஏழாவது, பெரியப்பா மகளான அக்கா எட்டாவது. மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த விளையாட்டு தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அதுவும் அரைகுறையாக.

விதிகள் ஒரு தாளில் இருந்தன. அக்காவுக்கும் இங்கிலீஷுக்கும் ஆகாது. அதனால் அகராதியை வைத்துக்கொண்டு நான் படித்துச் சொல்வதுதான் சட்டம். அந்தப் பதவி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கேன்சல் கார்டு என்று ஒன்று உண்டு. எதிராளி சீட்டின் சக்தியை அது வெட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் நெருப்புப் பறவையை இறக்கினாள். நான் கேன்சலைப் போட்டு வெட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கேன்சலை என் கேன்சல் மேல் போட்டாள்.

“உன்ற கேன்சல் போச்சு. அப்ப என்ற பறவைக்கு உசுரு வந்துருச்சு.”

“வராது. வெட்டுனது வெட்டுனதுதான்” என்றேன்.

வரும். தாளில் தெளிவாக இருந்தது, நானே படித்திருந்தேன். ஆனால் ஜெயித்தவர் ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது பந்தயம், எனக்கு அந்தப் பறவை வேண்டும். மிளகு காயவைத்திருந்த வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்தினோம். கடைசியில் அக்கா உள்ளே போய்ச் சூடம் எடுத்துவந்தாள். எங்கள் ஊரில் வரப்புத் தகராறானாலும் ஆடு மேய்ந்த தகராறானாலும், எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. “உங்கம்மா மேல அடி” என்றாள். அடித்தேன். உள்ளங்கை சுட்டது. பறவை எனக்கு வந்தது.

பத்து நாள் கழித்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாமக்கல்லில் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

எனக்கு அன்றே காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை. அம்மா குனிந்து அடுப்பை ஊதினால்கூட, நிமிர்வாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாம் நாள் அக்காவிடம் போய் அழுதேன். தாளில் இருந்ததை உள்ளபடி சொல்லிப் பறவையைத் திருப்பிக் கொடுத்தேன். அவளும் பயந்துதான் போனாள். “அழுவாத புள்ள. அந்தச் சத்தியத்த நான் கேன்சல் பண்ணிட்டேன், போ” என்றாள். அன்று சாப்பிட்டேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மிளகைக் கிளறாமல் அக்கா சீட்டு விளையாடுகிறாள் என்று பெரியம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் வாய் அப்படி. பெரியம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அடி வாங்கிய அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

“அன்னைக்குக் கேன்சல் பண்ணுனேனில்ல? அதைக் கேன்சல் பண்ணிட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “முடியாது! வெட்டுனது வெட்டுனதுதான். திரும்ப உசுரு வராது!”

“அது நீ பொய்யாச் சொன்ன ரூலு. வரும்னு நீதான படிச்சுச் சொன்ன?”

நான்தான். அன்று வாதாடியதுபோல் அதற்குப் பிறகு எதற்கும் நான் வாதாடியதில்லை. சத்தியம் சீட்டில் சேராது என்றேன். ஒருவருக்கு ஒரு கேன்சல்தான் என்றேன். ஒரு நாள் தாண்டினால் செல்லாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, “இதெல்லாம் தாள்ல எங்க இருக்குது?” என்றாள். எங்கேயும் இல்லை. அன்று ராத்திரி எனக்கு மறுபடி காய்ச்சல் அடித்தது.

மறுநாள் காலை அம்மா பையோடு பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வந்ததும் அப்பா இடம் பிடிக்க முன்னால் ஏறிவிட்டார். என்னால் அடக்க முடியவில்லை. அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு சீட்டு, பொய், சூடம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சிரித்துவிட்டு ‘போடி கிறுக்கி’ என்பாள் என்று நினைத்தேன். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போனது. “என்ற மேலயா சூடம் அடிச்ச, சாமி?” என்று மெதுவாகக் கேட்டாள். ஊரில் யார் சூடம் அடித்தாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுகிறவள் அவள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்டக்டர் விசில் ஊதினார். “ஒண்ணும் ஆவாது. ஊட்டுக்குப் போ கண்ணு” என்றாள். சொல்லும்போதே தாலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவள் பஸ் ஏறிய அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சொல்லிவிட்ட நிம்மதியில் மத்தியானம் பெரியம்மாவிடம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் அம்மா என் பயத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள்.