கம்பெனி பஸ் போகாத ஊர்

ஏகாம்பரம் அண்ணா இறந்த செய்தியை மாதனூர் பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் காய் வாங்கிக்கொண்டு திரும்பியவள் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே அவர் முகத்தைக் கண்டு நின்றுவிட்டேன். அவர் முகம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. நடுவில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கை கூப்பியபடி பெரிதாக நின்றவன் ஒரு தனியார் கல்லூரிக்குப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். பேனரின் அடியில் பொடி எழுத்தில், ‘இந்த ஆண்டு சேர்க்கைக்கு அணுகவும்’ என்று அவன் செல் நம்பர். உயிரோடு இருந்தபோது ஏகாம்பரம் அண்ணா நிழலைக்கூட மிதிக்காதவன் அவன்.

துக்க வீட்டில் அதைவிட மோசம். பந்தலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். “லேடீஸோட கம்பெனி பஸ்ஸ கடத்தினு போனாரே, அவருதானே இவரு?”

“அவரேதான். அதுக்குத்தானே சீட்ட கிழிச்சாங்க. பாவம், அப்பறம் ஷேர் ஆட்டோ ஓட்டினாரு.”

அண்ணாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கோமதி அண்ணி அதைக் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். பதினோரு வருடம் ஒரு சின்ன விபத்துகூட இல்லாமல் எங்களை வேலைக்கு அழைத்துப்போன மனிதரை ஊர் இந்தப் பெயரோடு அனுப்பிவைக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும், அன்றைக்கு நடந்தது என்ன என்று தெரிய வேண்டும்.

அவர் முதலில் லாரி ஓட்டினார். கேரளாவிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் டேனரிகளுக்கு வருவார். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் சோப்புக்கும் போகாது. ஓட்டலில் உட்காரவிட மாட்டார்களாம். பார்சல் கட்டி வெளியே நீட்டுவார்களாம். ஒருமுறை கேரளாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே லாரி படுத்துக்கொண்டது. மெக்கானிக் வர மறுநாள் ஆகும். உள்ளே படிக்கிற பிள்ளைகள் வந்து பார்த்து, விடுதிக் குழாயில் குளிக்கச் சொல்லி, கேன்டீனில் தங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சோறு வாங்கிக் கொடுத்தார்களாம். அதில் ஒரு பெண் குடியாத்தம். லுங்கி நெய்கிறவர் மகள்.

“அந்தப் பொண்ண கேட்டேன், ஏம்மா, நம்ம ஊர்ல காலேஜா இல்ல, இவ்ளோ தூரம் வந்துக்கீறேன்னு. அது சொல்லுச்சு, ‘இங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கறதில்ல அங்கிள்’னு. எனக்கு சோறு எறங்கல” என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு ஷூ கம்பெனியின் பஸ்ஸுக்கு டிரைவராக வந்தார். நான் அந்தக் கம்பெனியில், தைத்து முடித்த ஷூக்களில் துருத்திக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலையில் இருந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டு எனக்கு. அவர் ஓட்டிக்கொண்டே பேசுவார், கண் ரோட்டில்தான் இருக்கும்.

“தங்கச்சி, நான் ஓட்டுறதே ஒரு கெட்ட வண்டி, தெரியுமா?” என்றார் ஒருநாள்.

“ஏண்ணா, பிரேக் புடிக்கலையா?”

“பிரேக்கெல்லாம் நல்லாத்தான் கீது. இந்த வருஷம் ஒரு பொண்ணு காலேஜ் பேக் மாட்டினு ஸ்டாப்ல நிக்கும். அடுத்த வருஷம் அதே பொண்ணு டிபன் பாக்ஸோட என் வண்டில ஏறும். இன்னாம்மா ஆச்சுன்னு கேட்டா, ‘செமஸ்டர் லீவுண்ணா, சும்மா ரெண்டு மாசம்’னு சொல்லும். அந்த லீவு முடிஞ்சி நான் பாத்ததே இல்ல. வாசல்ல வண்டி வந்து நிக்குதே, ஏறாம இன்னா பண்ணும்? உன் பேத்திய என் பஸ் வராத ஊருக்கு அனுப்பு.”

என் பேத்தி பவித்ரா அப்போது பிளஸ் டூ. கணக்கில் புலி. நான் சொல்வது பாட்டி பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை. மத்திய அரசு நடத்தும் நுழைவுத் தேர்வைப் பற்றிச் சொல்லி, ஆம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அவளுக்கு விண்ணப்பம் போட வைத்தவர் ஏகாம்பரம் அண்ணாதான்.

என் மகன் சேகர் சிரித்தான். “இன்னாண்ணா, வெளி மாநில யுனிவர்சிட்டின்னா மாடில ரூம் எடுத்து போர்டு மாட்டினு விக்கறானே, அதுதானே? பரீட்சையே எழுத வேணாம், டிகிரி போஸ்ட்ல வந்துடும்.”

“அவன் டிகிரிய வூட்டுக்கு அனுப்புறான் சேகரு. நான் பொண்ண அங்க அனுப்பச் சொல்றேன்.”

எங்கள் பக்கத்தில் வெளி மாநிலப் பல்கலைக்கழகம் என்றாலே அந்தத் திருட்டுப் போர்டுதான் ஞாபகம் வரும். நல்ல பெயரை அப்படி நாறடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் சேகரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது.

அவனுக்கு அண்ணா இன்னொன்றும் சொன்னார். “காலேஜ் பாக்க போனா மொதல்ல கூல்டிரிங்க் குடுக்கறானா பாரு. குடுத்தா எழுந்து வந்துடு. கவர்மென்ட்டுன்னா, ‘அந்தாண்ட போய் லைன்ல நில்லு’ம்பான். பேஜார் புடிச்சவன்தான். ஆனா உன்ன நம்பி அவன் கடை தொறக்கல.”

சேகர் கேட்கவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே, பேனரில் நின்ற அந்த ஏஜென்ட், “தோஸ்த்து, உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி” என்று சொல்லி அவனைக் காரில் வைத்து அந்தத் தனியார் கல்லூரிக்கு அழைத்துப் போனான். ஏசி ரூம், ரோஜா வாசனை, கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ். குடித்துவிட்டு, பவித்ராவின் மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் கொடுத்துவிட்டு வந்தான். “பத்திரமா வெச்சிருப்பாங்கம்மா” என்றான். பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து கேரளாவில் ஒரு மத்திய அரசுப் பல்கலைக்கழகத்தில் பவித்ராவுக்கு இடம் வந்தது. பெண்களுக்குத் தனி விடுதி. எல்லாருக்கும் ஒரே கட்டணம். இடையில் கமிஷன் வாங்க யாரும் இல்லை. திங்கட்கிழமை மாலைக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வியாழனும் வெள்ளியும் நானும் சேகரும் அந்தக் கல்லூரிக்கு நடந்தோம். நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் வருமாம். ஒரு நாள்கூடப் படிக்காத பிள்ளைக்கு நாலு வருடம். அதைச் சொன்ன கல்லூரி ஆபீஸ் அம்மா சிரித்த முகத்தோடுதான் சொன்னார், “ஜூஸ் சாப்பிடுறீங்களா?” என்றும் கேட்டார். டேனரிக் கழிவு ஓடுகிற கால்வாய் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த ரோஜா வாசனை மாதிரி ஒரு நாற்றத்தை முகர்ந்ததில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஷிப்ட். திரும்பும்போது பஸ்ஸில் நாற்பது பெண்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கல்லூரிக்குத் திரும்பும் வழி நெருங்கியபோது நான்தான் சொன்னேன். “அண்ணா, வண்டிய காலேஜ் பக்கம் திருப்புங்க. என்ன எறக்கி வுட்டுடுங்க.”

“நீ ஒண்டியா போய் இன்னா பண்ணுவ?” என்று கேட்டவர், வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். “அரை மணி நேரம் ஆவும்மா. வூட்டுக்கு போறவங்க இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வெளிய தெரிஞ்சா என் வேலைக்கு வேட்டு, உங்களுக்கும் பேச்சு வரும்.”

தையல் பிரிவிலிருந்த பொன்னி எழுந்தாள். “நானும் தாகமாத்தாங்கீறேன். ஜூஸ் குடுப்பாங்கன்னியேண்ணா, வுடு வண்டிய.” எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை.

பசை வாசனை வீசும் நீலக் கோட்டோடு நாற்பது பேரும் அந்த ஏசி ரூமுக்குள் போய் உட்கார்ந்தோம். அண்ணா ஒன்றுதான் சொன்னார். “சத்தம் போடாதீங்க. குடுத்தா குடிங்க.” அட்மிஷனுக்கு வந்திருந்த வேறு பெற்றோர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா பொன்னியிடம், “எல்லாரும் அட்மிஷனுக்கு வந்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லக்கா. குடுத்த சர்டிபிகேட்ட திருப்பி வாங்க வந்துக்கீறோம். இங்க உள்ள போனா வெளிய வராதாம். நீங்க குடுத்துட்டீங்களா?”

அந்த அம்மா மடியிலிருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் எழுந்து வெளியே போய்ச் செல் பேசத் தொடங்கினார். இன்னொரு குடும்பம் சொல்லாமல் கிளம்பியது. இருபது நிமிடத்தில் பவித்ராவின் சான்றிதழ்கள் ஒரு கவரில் வந்துவிட்டன. பொன்னி மட்டும் இரண்டு டம்ளர் குடித்தாள். ஞாயிறு இரவு ஜோலார்பேட்டையில் பவித்ரா ரயில் ஏறினாள்.

ஊர் ‘கடத்தல்’ என்று சொல்வது இதைத்தான்.

கல்லூரி முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார். பெரிய மனிதர்களுக்குள் ஒரு பேச்சு போதும். புதன்கிழமை எங்களை ஆபீஸுக்கு வரிசையாகக் கூப்பிட்டார்கள். மூத்தவள் என்பதால் முதலில் நான். ஆபீசர் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். “சைன் பண்ணுங்கம்மா, லைன் நிக்குது.”

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ‘ஓட்டுநர் எங்களைக் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். நாங்கள் மிகவும் பயந்துவிட்டோம்.’ அவ்வளவுதான் இருந்தது. ரிட்டயர் ஆக எனக்கு இரண்டு வருடம் இருந்தது. பவித்ராவின் விடுதிச் செலவுக்கு என் சம்பளம்தான். கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் முப்பத்தொன்பது பேரும் போட்டார்கள். அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஏஜென்ட்டை நினைத்தால் எனக்கு அருவருப்பு. அந்தக் கல்லூரியை நினைத்தாலும், ‘வயசுப் பொண்ண மலையாள ஊருக்கு அனுப்பிட்டா’ என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிய சொந்தக்காரர்களை நினைத்தாலும் அருவருப்புதான். ஆனால் இந்த எல்லாவற்றையும் சேர்த்தாலும் அன்றைக்கு அந்தப் பேனாவைப் பிடித்த என் கையைப் பார்க்கும்போது வருகிற அருவருப்புக்கு ஈடாகாது.

மூன்று மாதம் கழித்து, ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

“அண்ணா, நானும் அந்தத் தாள்ல சைன் போட்டேன்.”

“தெரியும்.”

“தப்புதாண்ணா.”

“இன்னா எழுதியிருந்துதுன்னு படிச்சியா?”

“படிச்சேண்ணா.”

அவர் ஹேண்டிலைப் பிடித்தார். “மத்தவங்க படிக்காம போட்டாங்க. நீ படிச்சுட்டு போட்ட. அத மட்டும் மறந்துடாத” என்றார். பிறகு ஆட்டோவைக் கிளப்பினார்.

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். சொல்லாதது நல்லது. பொய்யாகத் தட்டிக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

ஆனாலும் பவித்ரா ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் ஸ்டேஷனில் ஆட்டோவோடு நிற்பார். என்னிடம் அதிகம் பேச மாட்டார், அவளோடு பேசுவார்.

“இன்னா பாப்பா, உங்க யுனிவர்சிட்டில கூல்டிரிங்க் குடுக்கறாங்களா?”

“தண்ணியே நாமதான் போய் புடிக்கணும் தாத்தா. ஒரு சர்டிபிகேட் கேட்டா நாலு ஜன்னலுக்கு அலைய வுடறாங்க.”

“அப்ப நல்ல எடந்தான். படி.”

அவள் இப்போது மூன்றாம் வருடம். மலையாளம் பேசுகிறாள். மீன் குழம்பில் தேங்காய் கம்மி என்று எனக்கே குறை சொல்கிறாள். எங்கள் தெருவிலிருந்து இந்த வருடம் இன்னும் இரண்டு பெண்கள் அதே தேர்வை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் இப்போதும் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏன் இவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறவர்கள் ஒருநாள் ஆறரைக்கு எங்கள் தெருவில் வந்து நின்று பார்க்கட்டும்.

சர்க்கரை வியாதி அவர் காலில் தொடங்கி, சிறுநீரகத்துக்குப் போனது. வேலூரில் ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பவித்ராவைத்தான் விசாரித்தார். மூன்றாம் முறை போவதற்குள் பேனர் வந்துவிட்டது.

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. எழுத்துப் பிழைகளைப் பவித்ரா போனிலேயே திருத்தினாள், விஷயத்தை ஒன்றும் மாற்றவில்லை. அன்றைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னது நான். அவர் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் திருப்பினார். எங்களில் யாரும் பயப்படவில்லை. இந்த மூன்றையும் கீழே தனியாக எழுதி, அன்று பஸ்ஸில் இருந்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினேன். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பொன்னி பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்து, ஒட்டவேண்டியதாயிற்று. மற்றவர்கள் இன்னும் கம்பெனியில் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்தத் தாளை முதலில் கோமதி அண்ணியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு பெயராகப் படித்தார். படித்துவிட்டு மடிக்காமல், ஏகாம்பரம் அண்ணாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எண்ணெய் படாமல் தள்ளி வைத்தார்.

முதல் பெயர் என்னுடையது அண்ணா. இந்த முறையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். போய் வாருங்கள்.