கவிழ்த்து வைத்த குடம்

ரயில் தாணேயை நெருங்கும்போது ஷாலினி கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையைத் திருப்பிப் போடுவாள். அதுவரை புகைப்படம் உள்பக்கம் பார்த்திருக்கும். தாணேயில் வண்டி மாறி ஐரோலி போனால் அவள் கம்ப்யூட்டர் கம்பெனி. சாயங்காலம் சயானில் இறங்கும்போது மறுபடியும் ஒரு திருப்பு. ஏட்டி, எதுக்கு இந்தக் கூத்து என்று கேட்டால் சிரிப்பாள். "ஒருக்கத் திருப்புனா ஆபீஸ்காரி. இன்னொருக்கத் திருப்புனா பழைய ஆளுதான் மதினி. ஒண்ணும் கொறையாது."

தாராவியில் எங்கள் கட்டடத்து மாடியில் இருக்கிறாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோளில் லேப்டாப் பை, வாயில் எந்நேரமும் வறுகடலை. புரோகிராம் எழுதுவது பிழைப்பு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவள் வேலையை எனக்கு விளக்கியிருக்கிறாள். "ப்ளஸ் போடணும்னா ரெண்டு பக்கமும் ஆள் வேணும்லா? ஆச்சரியக்குறிக்கு ஒத்த ஆளு போதும். அதுக்கு முன்னால போயி நின்னுக்கிடும். உண்டுங்கத இல்லைன்னு ஆக்கிரும், இல்லைங்கத உண்டுன்னு ஆக்கிரும். பஸ், அம்புட்டுதான்" என்று பாதி இந்தியில் முடித்தாள். புரிந்த மாதிரி தலையாட்டினேன். "நம்ம இசக்கியக்கா குடத்தக் கவுத்துதாள்லா, அதேதான்" என்றாள். நிஜமாகவே புரிந்துவிட்டது.

மாடித் தொட்டி காலியானால், கீழே மோட்டாரை ஒட்டிய கட்டைச்சுவரில் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைப்பது எங்கள் வழக்கம். தண்ணீர் இல்லை, ஏற்று என்று அர்த்தம். நிரம்பினால் குடம் நிமிரும். காலையில் ஸ்விட்சைப் போட்டு, நிரம்பும்வரை காத்து நின்று அணைப்பது கீழ்வீட்டு இசக்கியக்காவின் பொறுப்பு. மற்றவர்கள் மறந்துவிடுவோம், முதல் ஆள் நான்.

அந்த இசக்கியக்காவுக்குச் சான்பாடாவில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்தது. அதிகாலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். மோட்டாரை யார் பார்ப்பது? "நான் வரலைன்னு சொல்லிருதேன்" என்றாள் அவள். ஷாலினிக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டி செய்து மோட்டாரில் மாட்டினாள். தொட்டியில் ஒரு மிதவை. நிரம்பிவிட்டதா என்று அது பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மோட்டாரை ஓட்டும், நிறுத்தும்.

மறுநாள் தொட்டி காலி, மோட்டாரோ கம்மென்று கிடந்தது. இசக்கியக்கா பழைய ஸ்விட்சைப் போட்டுத் தண்ணீர் ஏற்றினாள். நிரம்பியதும் அணைத்தால் மோட்டார் நிற்கவில்லை. இப்போது பெட்டி அதை ஓட்டிக்கொண்டிருந்தது! படிக்கட்டெல்லாம் அருவி. என் செருப்பில் ஒன்று சாக்கடையோடு போயே போய்விட்டது. பக்கத்து வீட்டு மாரிக்கண்ணன் அண்ணாச்சி ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

ஷாலினி ஈரப் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நெறஞ்சிருந்தா ஓடுன்னு எழுதிட்டேன் மதினி. முன்னால அந்த ஆச்சரியக்குறிய விட்டுட்டேன். சின்னக் கோளாறு, லோச்சாதான்."

"கட்டடமே முங்கிருச்சு, சின்னதாம்லா! கழட்டி எறி அத" என்றார் அண்ணாச்சி.

அவள் கண் கலங்கியது. "நாளைக்கு ஒரு காலை மட்டும் பாருங்க அண்ணாச்சி. சரிவரலைன்னா நானே கழட்டிருதேன். அக்கா வேலைக்குப் போணும்லா." அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது எனக்கு. செருப்பு ஞாபகம் வந்து தடுத்துவிட்டது.

அடுத்த நாள் விடிகாலை எல்லோரும் கீழே கூடிவிட்டோம். இசக்கியக்கா டிபன் டப்பாவும் பையுமாக நின்றாள். ஆனாலும் நம்பிக்கை வராமல் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். விட்டுப்போன ஆச்சரியக்குறியைச் சேர்த்துவிட்டு ஷாலினி பெட்டியைப் போட்டாள். ஸ்விட்சை யாரும் தொடவில்லை. மோட்டார் உறுமியது. ஷாலினி வறுகடலையை மறந்து மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துச் சத்தம் தானாக நின்றது. படியில் ஒரு சொட்டு இல்லை. அண்ணாச்சி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "தொட்டி ரொம்பிட்டு" என்று கத்தினார்.

இசக்கியக்கா பழக்கதோஷத்தில் குடத்துக்குக் கையை நீட்டினாள்.

"ரயிலு போயிரும்க்கா, நீங்க கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு, ஷாலினி குனிந்து குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.