திராட்சைப் பந்தலில் போட்ட குலவை

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், முன்னது பின்னதாக வரும். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி மகள் சென்னையில் இசை எழுதுகிறாள். வயலின், பியானோ என்று ஒரு கூட்டமே அவள் எழுதிய காகிதத்தைப் பார்த்து வாசிக்கும். மூன்று இசைத்தட்டு வந்திருக்கிறது. ஒன்று சுருளி அருவியைக் கேட்டு எழுதினாளாம். இன்னொன்று, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மலை ஏறும் ஜீப்புகளைக் கேட்டு. கம்பத்தில் யாரிடம் சொன்னாலும் "எந்தப் படத்துக்கு?" என்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

மூன்றாவதுக்குக் குலவை வேண்டும் என்று வந்தாள். "பெரியம்மா, ஒரே ஒரு தடவை போடுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்காரர் போன பிறகு கல்யாண வீட்டில் கடைசியில் நிற்கிறவள் நான். அதற்கப்புறம் குலவைக்கு வாய் திறந்ததே இல்லை. மாட்டேன் என்றதும் பிள்ளையின் முகம் வாடிப்போனது. மதியத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

பந்தலுக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். முடிப்பதற்குள் பக்கத்துப் பந்தலிலிருந்து பதில் குலவை. கவாத்து வெட்ட வந்த பெண்கள். ஒரு குலவையைத் தனியாக விடக்கூடாது, கேட்டவர்கள் சேர்ந்து போடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கத்தரியும் கையுமாக ஓடியே வந்துவிட்டார்கள்.

"என்ன ஆத்தா விசேசம்? புள்ளைக்கு நிச்சயம் பண்ணிட்டாகளா?"

"மாப்பிள்ளை எந்த ஊரு? இங்கன ஒரு வாய் காப்பி கூட இல்லையா?"

தங்கச்சி மகள் மைக்கைப் பிடித்தபடி சிரிக்கிறாள். நான் கல்தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பதிவானதை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "பேரு போடமாட்டேன் பெரியம்மா" என்றாள். அதோடு விட்டேன்.

தேனியில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர்களை அழைத்து அந்த இசைத்தட்டைப் போட்டுக்காட்டினாள். என் வீட்டுக்காரரின் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயலின்கள் அடங்கின. என் குரல் வந்தது. பின்வரிசைப் பெண்கள் தங்களை அறியாமல் பதில் குலவை போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாத்தனார் மட்டும் போடவில்லை. என்னையே பார்த்தாள்.

"மதினி, இது ஒந் தொண்டைதான?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங் கல்யாணத்துக்குப் போட்டவ நீ. எனக்குத் தெரியாதாக்கும்? எங்கண்ணன் போனதுலருந்து ஊமையாட்டம் இருந்துட்டு, தோட்டத்துல போயி ஒளிஞ்சு போட்டியாக்கும். தையில எம் பேத்தி கல்யாணம். முன்னால வந்து நின்னு போடு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தை நெருங்குகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

அருவி முதலில் வந்ததா, ஜீப்பா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அப்படியே இசைத்தட்டு அட்டையில் என் பெயர் இல்லைதானே என்றும் பார்த்துச் சொல்லுங்கள். அவள் எனக்குத் தந்ததைப் பிரித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.