நீண்ட மணி

டாங். தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லாரிப் பட்டறையில் யாரோ இரும்பின் மேல் இரும்பைப் போடுகிறார்கள். என் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் திட்டுகிறார். திட்டட்டும். நரை விழுந்த தலையோடு நடுச்சாலையில் ஸ்கூட்டரை நிறுத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு டாங். இப்போது வாசனையும் வந்துவிட்டது: வாய்க்காலில் புதுத்தண்ணீர், உழுத சேறு, கொதிக்காத சாம்பார்.

பள்ளி பள்ளியாகப் போவது என் வேலை. வகுப்பில் மற்றவர்களோடு உட்கார்ந்து படிக்கக் கொஞ்சம் கூடுதல் துணை வேண்டிய பிள்ளைகளுக்கு அந்தத் துணையாக இருப்பது. அரசாங்கத் தாளில் சிறப்புப் பயிற்றுநர், பிள்ளைகள் வாயில் பை டீச்சர். தோளில் தொங்கும் பையில் பாசிமணி, பட அட்டை, ஸ்பிரிங், களிமண், என்றைக்கோ வைத்து மறந்த பிஸ்கட்.

திருவையாற்றுக்கு அப்பால் ஒரு தொடக்கப் பள்ளி. முற்றத்தில் வேப்பமரம், மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதுதான் மணி. ஒரு அடி என்றால் இடைவேளை. நிறுத்தாமல் அடித்தால் நீண்ட மணி, வீட்டுக்குப் போகலாம். கேட்டைத் தாண்டினால் தார்ச்சாலை, சாலையைத் தாண்டினால் வாய்க்கால். அவ்வளவுதான் தூரம்.

சில வருஷங்களுக்கு முன் அங்கே மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். ஆட்டிசம். சொந்தமாகப் பேச்சுக் கோக்கமாட்டாள். பிறர் தன்னிடம் சொன்னதைச் சொன்ன குரலிலேயே எப்போதாவது திருப்பித் தருவாள். நான் போய் நின்றதும் “சாப்பிட்டியா? கை கழுவுனியா?” என்பாள், அச்சாக அவள் அம்மாவின் குரலில். நானும் கையைக் காட்டுவேன்.

அவளுக்கு அந்த மணி ஆகாது. டாங் என்றதும் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு, முற்றத்தை விட்டு, கேட்டை விட்டு வாய்க்கால் பக்கம் பறப்பாள். அதற்காகவே அவள் அம்மா நடவுக்குப் போவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பூக் கட்டினார். மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் பூவைக் கீழே வைத்துவிட்டு கோல்கீப்பர் மாதிரி இரண்டு கையையும் விரித்து நிற்பார். “ஓடாதடி! மெல்லப் போ!” என்ற அவர் குரல், மணிக்கு அடுத்து அந்தத் தெருவுக்குப் பழகிய இன்னொரு சத்தம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார்.

“வாய்க்கா முட்டப் போவுது டீச்சர். இன்னொரு தடவ அவ ஓடினா, வீட்டுல வச்சே சொல்லிக்குடுங்க. அதுக்கும் வழி இருக்குல்ல? என் பள்ளிக்கூடத்துப் புள்ள தண்ணியில போச்சுன்னா நான் எப்படித் தூங்குவேன்?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் சங்கடம். கேட்டுக்கு வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் நாரை இழுத்து முடிச்சுப் போட்ட வேகத்தில் ஒரு மல்லிகை நசுங்கியது.

“வீட்டுக்கு நீங்க வருவீங்க டீச்சர், சரி. மத்த புள்ளைங்க வருமா?”

என்னென்னவோ செய்து பார்த்தேன். காதை மூடும் ஹெட்போன் வாங்கித் தந்தேன். கழற்றி ஒரு ஆட்டுக்கு மாட்டினாள், ஆடு வெகு பொறுமையாக நின்றது. மணி வரப்போகிறது என்று பட அட்டை காட்டினேன். மணி வருமுன்பே ஓடினாள். தண்டவாளத்துக்குச் சாக்குச் சுற்றினேன். டொப் என்றது, ஒருவர் காதிலும் விழவில்லை, பள்ளிக்கூடமே இடைவேளையைத் தாண்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, ஒன்றாம் வகுப்பில் சில டவுசர்கள் நனைந்தன.

பிறகு ஒரு மத்தியானம் குழாயடியில் அவளைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்துக்குக் கொஞ்சமும் குறையாத சத்தம். எனக்குக் காது கூசியது, அவள் முகத்திலோ தேர்த் திருவிழா. அட, சத்தத்தோடு இவளுக்குச் சண்டையே கிடையாது! சொல்லாமல் கொள்ளாமல் எங்கிருந்தோ வந்து தலையில் விழுகிறதே, அதோடுதான் சண்டை. அப்படியானால் அது இவள் கையிலிருந்தே புறப்படட்டும்.

“மணிய அவ கையிலயா?” என்றார் தலைமையாசிரியை. “டீச்சர், ஸ்கூட்டர்ல வந்து வந்து உங்களுக்கு வெயில் ஏறிடுச்சு.”

“ஒரே ஒரு தடவ. காலை இடைவேளைக்கு.”

“ஓடினா?”

“ஓடினா நீங்க சொன்னபடி.” சொல்லிவிட்டேன்.

மறுவாரம் நான் போன அன்று, வேப்பமரத்தடியில் அவள் கையில் இரும்பு போல்ட்டைக் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே அம்மா பூவைக் கீழே வைத்தார். வாய்க்கால் கரை ததும்பப் பழுப்பாய் ஓடியது. அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள், போல்ட்டை முகர்ந்தாள், ஓங்கினாள்.

டாங்.

காதுக்குப் போகவில்லை கை. கால்விரல் நுனியில் எழும்பினாள். உதடு விரிந்தது. டாங். தோள் குலுங்க ஒரு சிரிப்பு. டாங் டாங் டாங் டாங், வேம்பின் காகமெல்லாம் கிளம்ப, பழம் உதிர, டாங் டாங், நான் கைதட்ட, கைதட்டும்போதுதான் உறைத்தது: அடிக்கச் சொல்லித்தந்தேனே, நிறுத்தச் சொல்லித்தந்தேனா?

நீண்ட மணி!

ஐந்தாம் வகுப்பு முதலில் வெடித்தது. பின்னாலேயே நாலு, மூன்று, இரண்டு, பாதி வாய்ப்பாட்டோடு ஒன்று. பை தலையில், செருப்பு கையில், “லீவு லீவு” என்று பள்ளிக்கூடம் மொத்தமும் கேட்டை நோக்கிப் பாய்ந்தது. அங்கே கை விரித்து நின்ற அம்மா, அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் அள்ளிப் பிடித்தார். தலைமையாசிரியை ஒற்றைச் செருப்போடு ஓடினார்: “ஏய், மணி பதினொண்ணுடா! உள்ள வாங்கடா!” சமையலம்மா கரண்டியோடு வந்தார்: “சாம்பாரு இன்னும் கொதிக்கவே இல்ல, எங்கடா போறீங்க?” நானும் ஓடினேன், பை வாய் திறந்து பாசிமணி வழியெல்லாம் சிந்த. எதிர்வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“எந்தத் தலைவரு போயிட்டாரு டீச்சர்?”

“யாரும் போகலம்மா! எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க!”

வாய்க்கால் கரையில் வரிசையாய் மறித்து நின்று, சிரிப்பும் அதட்டலுமாய்ப் பிள்ளைகளைத் திருப்பினோம். அம்மா ஆளாளாய்த் தலையைத் தொட்டுத் தொட்டுத் தேடினார். “டீச்சர், எம் புள்ளயக் காணும்!”

அப்போது மறுபடி கேட்டது. டாங்.

காலியான முற்றத்தில், வேப்பமரத்தடியில், நுனிக்காலில், அவள். விட்ட இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை.

அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியை மூச்சு வாங்க வந்து நின்றார். “எல்லாக் கழுதையும் ஓடிருச்சு,” என்றார். “இவ ஒருத்தி நிக்கிறா.” அருகில் போய்க் குனிந்தார். போல்ட்டை வாங்கவில்லை. “நாளைக்குக் காலையிலயும் நீதான் அடிக்கணும். லேட்டா வந்தியன்னா பள்ளிக்கூடம் தொறக்காது, தெரியுதா?”

“தெரியுதா?” என்றாள் அவள், தலைமையாசிரியையின் குரலிலேயே.

பூக்கட்டும் அம்மாவுக்கு அழுகை முந்தியதா சிரிப்பு முந்தியதா, தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மொத்தமாக மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானத்துக்குள் உட்கார்ந்து அட்டை செய்தேன். ஒரு கறுப்புப் புள்ளிக்கு ஒரு அடி. கடைசியில் விரிந்த உள்ளங்கை: நிறுத்து. சாப்பாட்டு மணிக்கே அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. சாயங்காலம் நீண்ட மணி, புள்ளி புள்ளியாய் விரல் வைத்து, உள்ளங்கை வந்ததும் போல்ட்டை மரத்தடியில் வைத்தாள். இரண்டாம் முறையாகப் பள்ளி ஓடியது, இம்முறை நியாயமாக.

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். சந்தோஷத்தில் முறுக்கிய முறுக்கில் வண்டி எகிறிக் குதித்தது. அம்மா இடுப்பில் பூக்கூடையோடு மகளின் தோளைத் தொட்டார்.

“டீச்சருக்கு டாட்டா சொல்லு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தெருவுக்கே பழகிய குரலில் சொன்னாள்:

“ஓடாதடி. மெல்லப் போ.”