சூசையண்ணையின் காலும் என் கற்றல் கொள்கைகளும்

தாதி வேலை என்பது மற்றவருடைய காலை நினைத்து நம்முடைய நித்திரையைத் தொலைக்கிற வேலை. என்னைப் போல வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் புகைக்கிற மனிதர் ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் இருமும்போதெல்லாம் நெஞ்சைப் பிடிக்கிறவர்களுக்கும் விளங்கும். நாமெல்லோரும் ஒரே தோணியில்தான்.

சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலத்தில் எனக்கு நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தது. நான் வடமராட்சிக்காரி. கடலைக் கரையில் நின்று பார்த்துப் பழக்கமே தவிர, அதைத் தாண்டி வேலைக்குப் போய்ப் பழக்கமில்லை. பெட்டிக்குள் இரண்டு சீலை, பால்மா, தாதியர் பாடசாலையில் படித்த புத்தகம். அந்தப் புத்தகத்தில் 'நோயாளிக்குக் கற்பித்தல்' என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது. மனிதர் எப்படிக் கற்கிறார்கள், பழகியதை எப்படி விடுகிறார்கள் என்று ஒவ்வொரு அறிஞரும் ஒவ்வொரு கொள்கை சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குப் பாடம்.

முதல் நாள்

சூசைமுத்து ஒரு கடற்றொழிலாளி. நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். இடது கால் பெருவிரலில் ஆறாத புண்ணோடு வந்தார். கட்டை அவிழ்த்துப் பாதத்தைத் தொட்டேன். மீன் பெட்டிக்குள் கையை விட்டதுபோல் குளிர்ந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, சுருட்டுப் புகையால் காலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன, புகையை விட்டால் கால் தப்பும், விடாவிட்டால் விரலில் தொடங்கி முழங்கால் வரை வெட்ட வேண்டி வரும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த வள்ளத்தில் அவர் யாழ்ப்பாணம் போய்விட்டார். மாதத்தில் சில நாள்தான் வருவார்.

ஆக, அந்தக் கால் என் பொறுப்பு. கடல் கொந்தளித்தாலும் நேவி மறித்தாலும் வள்ளம் ஓடாது. கால் கறுத்துப்போகிற நாளில் வள்ளம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. சூசையண்ணைக்கு அப்படி ஒன்றும் இல்லை. மருந்து கட்டி முடிந்ததும் சாரத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"சுருட்டுப் பத்தாமல் கடலுக்குப் போறதெண்டால், மிஸ்ஸி, அதுக்கு நான் வீட்டிலையே இருக்கலாம்."

வெறுக்க வைத்தல்

பிடித்த ஒன்றைப் பிடிக்காத ஒன்றோடு சேர்த்துச் சேர்த்துக் காட்டினால், பிடித்ததும் பிடிக்காமல் போய்விடும் என்பது முதற்கொள்கை. நாய், மணி, எச்சில் என்று வரும் பரிசோதனையின் வழி வந்தது. சூசையண்ணைக்கு மிகவும் பிடிக்காதது புண் கழுவுகிற நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பார். நான் அவருடைய சுருட்டையே வாங்கி, புண் கழுவும்போதெல்லாம் அவர் மூக்கடியில் பிடித்தேன். சுருட்டு மணந்தால் இனி நோவுதான் ஞாபகம் வரும் என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

ஒரு கிழமை போனது. பிறகு ஆளைக் காணவில்லை. புண்ணைக் கட்டாமல் விட்டால் அழுகிவிடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவருடைய பெண்சாதி திரேசம்மா, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, சங்கடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"குறை நினையாதேங்கோ மிஸ்ஸி. உங்களை நினைச்சாலே அவருக்குக் கால் நோகுதாம். பேந்து ஒரு சுருட்டுப் பத்தினாத்தான் அடங்குதாம்."

பால் தேத்தண்ணி

வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, திரும்பக் கூட்டி வந்தேன். இம்முறை வெருட்டு இல்லை, பரிசு. வாயில் சுருட்டு மணம் இல்லாமல் மருந்து கட்ட வருகிற யாருக்கும் என் கையால் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி. அந்தக் காலத்தில் தீவில் பால்மா கிடைப்பது எவ்வளவு பாடு என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து நான் காவி வந்ததைத்தான் கரைத்தேன்.

சூசையண்ணை ஒழுங்காக வந்தார், ஒழுங்காகக் குடித்தார். வாய் மணக்கவில்லை. ஆனால் கால் மட்டும் பழையபடி குளிர்ந்தே கிடந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரி மதிலோடு நின்ற கொய்யாவில் எட்டுகிற உயரத்துக்கு ஓர் இலையும் மிச்சமில்லை. சுருட்டு மணம் போக இலையைச் சப்பிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள், இவரும் இவரோடு இன்னும் சிலரும். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோது எங்கள் அற்றென்டன் சின்னத்துரை அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். அவர் கள்ளும் தொடாதவர், சுருட்டும் தொடாதவர்.

"நான் பிறந்ததிலை இருந்து பத்தினதே இல்லை, மிஸ்ஸி. எனக்கு ஒருநாளும் நீங்கள் தேத்தண்ணி தரேல்லையே."

முன்மாதிரி

மனிதர் தம்மைப் போன்ற ஒருவரைப் பார்த்துக் கற்கிறார்கள் என்பது அடுத்த கொள்கை. சுருட்டை அடியோடு விட்ட ஒரு மாட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, மருந்து கட்ட வந்தவர்கள் முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். எப்படி விட்டீர்கள் என்று சொல்லுங்கோ என்றேன். மனிதர் நேர்மையானவர், ஆதியிலிருந்து தொடங்கினார். விடியப்புறம் மாடு அவிழ்த்துவிட்டு, காற்று மறைவில் கல்மதிலோடு குந்தி, இரண்டு கைக்குள்ளும் நெருப்புக்குச்சியைப் பொத்திப் பற்றவைத்து, முதற்புகையை உள்ளுக்கு இழுக்கிற சுகத்தை அவர் விவரிக்க விவரிக்க அறை மூச்சுக் காட்டவில்லை. விட்ட கதைக்கு அவர் வந்து சேர்வதற்குள் பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். எதற்குப் போனார்கள் என்பது காற்றில் மணந்தது. சூசையண்ணை மட்டும் கடைசிவரை இருந்தார்.

"நல்லாக் கதைக்கிறார், மிஸ்ஸி. எனக்கு வாயூறிப் போச்சு. நாளைக்கும் வரச் சொல்லுங்கோ."

ஊரே விட்டது

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மாசி மாதம் முடிகிற நேரம். ஒரு வியாழக்கிழமை சூசையண்ணை வந்தார். சுருட்டு மணம் இல்லை, கொய்யா மணமும் இல்லை. அடுத்தவரும் அப்படி. அதற்கடுத்தவரும் அப்படி. ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று அது தொடர்ந்தது. சூசையண்ணையின் புண் ஓரத்தில் சிவப்புச் சதை தலைகாட்டியது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. என் கொள்கைகள் கொஞ்சம் பிந்தியாவது வேலை செய்துவிட்டன. டொக்டர் வந்தபோது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவரும் மெச்சி, தாதியர் பாடசாலையில் வந்து இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

அந்தச் சந்தோசப் புளுகத்தோடுதான் திரேசம்மாவிடம், உங்கட மனிசன் கெட்டிக்காரன், சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"விபூதிப் புதனோடை விட்டவர், மிஸ்ஸி. தபசுகாலத்திலை எங்கட ஆம்பிளையள் ஒருத்தரும் பத்தமாட்டினம். உயிர்த்த ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசல்லையே நிண்டு பத்துவினம்."

சுவாமியாரிடம்

எனக்குக் கந்தசட்டி தெரியும். வேதக்காரர் உயிர்த்த ஞாயிறு வரை நாற்பது நாள் தபசிருக்கிற நாட்காட்டி தெரியாது. அன்றிலிருந்து நான் உயிர்த்த ஞாயிறை, தூக்குத் தண்டனைக்காரன் விடியலை எதிர்பார்ப்பதுபோல எதிர்பார்க்கத் தொடங்கினேன். புண் ஆறிக்கொண்டு வந்தது, நாளும் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் போதும், கால் தப்பிவிடும். யாரிடம் கேட்பது? துணிந்து பங்குச் சுவாமியாரிடமே போனேன். சூசைமுத்துவுக்கு மட்டும் தபசுகாலத்தைக் கொஞ்சம் நீட்டிவிட முடியாதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"பிரசங்கத்திலை சொல்லுறன், பிள்ளை. ஆனால் தபசுகாலத்தை நீட்ட எனக்கு அதிகாரம் இல்லை. பாப்பரசருக்கும் இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

சூடு

திரேசம்மா ஒருநாள் தற்செயலாகச் சொன்னாள். படுக்கையில் அவருக்குப் போர்வை இழுத்துவிடும்போது பாதத்தில் கை படுமாம். முந்தி ஈரமணலைத் தொட்டதுபோல் இருக்குமாம், இப்போது மெல்லிய சூடு கிடக்கிறதாம். நான் துள்ளி எழுந்தேன். வளர்ந்தவர்கள் சொல்லிக் கற்பதில்லை, தங்கள் அனுபவத்தில் கற்கிறார்கள் என்று அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. மருந்து கட்ட வந்த சூசையண்ணையின் கையை எடுத்து அவருடைய பாதத்திலேயே வைத்தேன். சூடு தெரிகிறதா, புகையை விட்டபடியால்தான் இது, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் தொடாவிட்டால் இன்னும் சூடேறும் என்றேன். அவர் காலைத் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஓம், சூடுதான். அது அந்தோனியார் தந்தது, மிஸ்ஸி. அவரோடை நான் கதைச்சு முடிச்சிட்டன். நீங்கள் குறுக்கை வராதேங்கோ."

உயிர்த்த ஞாயிறும் பிறகும்

அன்று காலை கோயில் மணி கேட்டபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். தீவு முழுதும் நெருப்புப்பெட்டிகள் திறபடுகிற சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைக்கிறேன். சூசையண்ணை ஒன்றோடு நிறுத்தவில்லை. விட்ட காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பத்தினார். அடுத்த நாள் திரேசம்மா ஓடி வந்தாள். கால் திரும்பவும் குளிர்ந்துவிட்டது, மனிதர் நோவில் துடிக்கிறார் என்றாள். ஆளைத் தூக்கி வரச் செய்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். விரல் நீலம் பாரித்திருந்தது. மத்தியானத்துக்குள் நுனி கறுத்தது.

கடலில் ஏதோ பிரச்சினை, வள்ளம் ஓடாது என்று நேவி சொல்லிவிட்டது. துறைக்குப் போய்க் கெஞ்சினேன். மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டுமாம். கறுப்பு ஏறுகிறதா என்று நான் போய்ப் போய்ப் பார்த்தபடி இருந்தேன். நோவு தாங்காமல் அவர் ஒரு சுருட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். என்னிடம் சொல்ல ஒரு கொள்கையும் மிச்சமில்லை. திரேசம்மாதான் அவர் கையைப் பிடித்துப் பாதத்தில் வைத்தாள். அவர் கையை எடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்தது.

"இது என்ர கால் மாதிரி இல்லை, மிஸ்ஸி."

துறையில்

ஒருவழியாக உத்தரவு வந்தது. கதிரையில் வைத்துக் காவிக்கொண்டுபோய் வள்ளத்தில் ஏற்றினோம், திரேசம்மாவும் கூடப் போனாள். அதன் பிறகு செய்திதான் வந்தது, அதுவும் ஒவ்வொரு வாயில் ஒவ்வொரு மாதிரி. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆளே போய்விட்டார் என்றார் இன்னொருவர். அக்கரையில் உள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளம் வருகிற நேரமெல்லாம் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு துறைக்குப் போய்விடுவேன். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டேன், காலைத்தான் பார்ப்பேன்.

ஒருநாள் ஊன்றுபொல்லு ஒன்று இறங்கியது. அதன் பக்கத்தில் ஒரு கால். அதற்குப் பிறகு, கட்டுப்போட்ட இன்னொரு கால். முழுக்கால். பெருவிரல் மட்டும்தான் இல்லை. எனக்குக் கத்தி அழ வேண்டும்போல் இருந்தது, அழுதேன். பின்னால் வந்த திரேசம்மாவும் அழுதாள். வள்ளத்தில் வந்த ஒருவர், சுகமாய் வந்ததற்கு என்று சூசையண்ணையிடம் சுருட்டை நீட்டினார். அவர் அதை வாங்கி, ஒருமுறை மணந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"மிச்ச விரல் கிடக்கிற மட்டும் எனக்குத் தபசுகாலம்தான், மிஸ்ஸி."

புகையை விட வைக்க என் புத்தகத்தில் எத்தனையோ கொள்கைகள் இருந்தாலும், எங்கள் தீவில் வேலை செய்தது பயம் ஒன்றுதான். அதிலும் பாதிக்கு மேல் என்னுடையது.